ஆடுவதற்கு ஒரு கால்

கொழும்பு விமான நிலையத்தில் சுங்க அதிகாரி என் பெட்டியைத் திறக்கச் சொன்னார். திறந்தேன். உள்ளே வரிசை வரிசையாகப் பாதங்கள். மனிதர் ஓரடி பின்னால் போய்விட்டார்.

"இதெல்லாம் என்ன?"

"பாதம் சார். ரப்பர் பாதம்."

"யாருடையது?"

"இனிமேல்தான் சார் தெரியும்."

அவர் சிரித்துவிட்டார். தன் அண்ணனும் வடக்கே ஒரு காலை விட்டுவிட்டு வந்தவர்தான் என்றும், கொடுத்த செயற்கைக் கால் கனக்கிறது என்று அதைக் கட்டிலுக்கு அடியில் போட்டு வைத்திருக்கிறார் என்றும் சொன்னார். பெட்டியை அவரே மூடி, அவரே தூக்கித் தள்ளுவண்டியில் வைத்தார். எங்கள் ஊர் விமான நிலையத்தில் யாரும் எனக்குப் பெட்டி தூக்கித் தந்ததாக ஞாபகம் இல்லை.

நான் மதுரைக்காரி. பெயர் மங்கையர்க்கரசி, கூப்பிடுவது மங்கை. செயற்கைக் கால் செய்வது தொழில். வாய் கொஞ்சம் நீளம் என்பார்கள், நான் மறுப்பதில்லை. மட்டக்களப்பில் ஒரு தொண்டு அமைப்பு கால் பொருத்தும் முகாம் நடத்துகிறது, ஒரு வாரம் வந்து கைகொடுங்கள் என்று கூப்பிட்டிருந்தார்கள். பாசிக்குடா கடலில் கழுத்தளவு தண்ணீரில் உட்கார்ந்து இளநீர் குடிக்கலாம் என்று ஆசை வேறு காட்டினார்கள். அந்தக் கடலை நான் கண்ணால்கூடப் பார்க்கவில்லை என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன். இளநீர் குடித்தேன், நின்றுகொண்டே.

முகாம் வாவிக்கரையில் ஒரு பழைய மண்டபத்தில். சன்னலுக்கு வெளியே ஆட்கள் தோணியில் நின்று வலை வீசுவார்கள், உள்ளே நாங்கள் மாவுக்கட்டு போட்டு அச்சு எடுப்போம். மதுரை வெயிலில் பேசிக்கொண்டிருக்கும்போதே காய்கிற மாவு, இங்கே வாவிக் காற்றில் ஊறி ஊறி, காய்வதற்குள் என் பொறுமை போனது. ஆனால் சாப்பாட்டைச் சொல்ல வேண்டும். காலையில் புட்டு, கூடவே வாவி இறால் குழம்பு. காலங்காத்தாலேயே இறாலா என்று முதல் நாள் முகம் சுளித்தேன். இரண்டாம் நாள் இன்னொரு தட்டு கேட்டேன். மூன்றாம் நாள் நான் கேட்பதற்கு முன்பே வைத்தார்கள்.

கால் வேண்டி வந்தவர்கள் எல்லாரையும் ஒன்றாக உட்கார வைத்திருந்தார்கள். ஒரே நீள பெஞ்சு. அதில் அரசாங்க ராணுவத்தில் இருந்தவர்கள், அதோடு போரிட்ட இயக்கத்தில் இருந்தவர்கள், இரண்டிலும் இல்லாமல் வரப்பில் நடந்துபோய் கண்ணிவெடியை மிதித்தவர்கள், எல்லாரும் கலந்து. முதல் நாளே தகராறு. "நாட்டுக்காகக் கால் குடுத்தவரக் கடைசியில இருத்தி வெச்சிருக்கிங்க" என்று ஒருவரின் மைத்துனர் கத்தினார். "அப்ப எங்கட ஆக்கள் சும்மாவா குடுத்தவங்க?" என்று பெஞ்சின் அந்தக் கோடியிலிருந்து பதில். ஆளாளுக்கு எழுந்தார்கள். எழுந்தவர்களில் பாதிப் பேருக்கு நிற்கக் கால் இல்லை.

எனக்கு வந்ததே கோபம். "வந்த வரிசைதான்! மாவு கரைச்சாச்சு. இன்னும் கொஞ்ச நேரம் சண்டை போட்டீங்கன்னா அது பாத்திரத்துலயே கல்லாயிடும். அப்புறம் யாருக்கும் கால் கிடையாது, நான் ஊருக்குப் போறேன்." என் மதுரைத் தமிழ் எவ்வளவு புரிந்ததோ தெரியாது, கையில் மாவோடு நின்ற கோலம் புரிந்திருக்கும். எல்லாரும் உட்கார்ந்தார்கள்.

என் அண்ணன் இந்திய ராணுவத்தில் ஹவில்தாராக இருந்து ஓய்வு பெற்றவன். பீரங்கிச் சத்தத்தில் காது போனவன். கொடிநாளுக்குக் கொடிநாள் மேடையில் ஏற்றிப் பொன்னாடை போர்த்துவார்கள். அண்ணி அதையெல்லாம் மடித்து பீரோவில் அடுக்கி வைத்திருக்கிறாள். காது மெஷினுக்கு மட்டும் இன்னும் கலெக்டர் ஆபீஸ் படியேறிக்கொண்டிருக்கிறான். அதனால் இந்த மரியாதை விவகாரம் எனக்குப் புதிதில்லை. கடல் தாண்டினாலும் கதை ஒன்றுதான்.

பெனடிக்ட் வந்தது இரண்டாம் நாள். பறங்கியர், அதாவது போர்த்துக்கீசர், ஒல்லாந்தர் வழி வந்த மட்டக்களப்புக் கிறிஸ்தவர். ராணுவத்தில் இருந்தவர். இப்போது வீட்டோடு தச்சுப் பட்டறை. முழங்காலுக்குக் கீழே இடது கால் இல்லை. ஏற்கெனவே அவரிடம் பளபளவென்று ஒரு கால் இருந்தது. எதற்கு இன்னொன்று என்று கேட்டேன்.

"ஆமி தந்த கால் மிஸ். நல்ல கால்தான், ஆனாப் பாரம். வருசத்துக்கு ஒருக்கா நினைவு நாளுக்கு பஸ் அனுப்பிக் கூட்டிட்டுப் போவாங்க. மெடலைக் குத்திட்டு வெயிலுக்க நிக்கணும். நிக்கிறத்துக்கு இது காணும். எனக்கு ஆடுறத்துக்குக் கால் வேணும்."

சனிக்கிழமை அவருடைய இளைய மகள் மெலனிக்குக் கல்யாணம். அவர்கள் வழக்கத்தில் விருந்தன்று லான்சர்ஸ் என்று ஓர் ஆட்டம் உண்டு. நாலு சோடி சதுரமாக நின்று, கை மாற்றி, ஆள் மாற்றி, சுற்றிச் சுற்றி ஆடுவது. முதல் ஆட்டத்தில் பெண்ணோடு ஆடுவது தகப்பன். "மூத்தவள்ர கலியாணத்தில நான் கதிரையில இருந்து கை தட்டினன் மிஸ். மச்சான்தான் ஆடினவன். ஆட்டம் முடியுமட்டும் அவள் என்னைத்தான் பாத்தாள்." பிறகு விரலை மடித்துக் கணக்குச் சொன்னார்: "அடுத்த கிழமை தவக்காலம் துவங்குது. மறுகா ஈஸ்டர் மட்டும் கலியாணமும் இல்ல, ஆட்டமும் இல்ல. இந்தச் சனிதான் எனக்கு."

செய்து தருகிறேன் என்று சொன்னேன். சாதாரணமாக நான் தேதி சொல்லி வாக்குக் கொடுப்பதில்லை.

அவருக்கு அடுத்து உட்கார்ந்திருந்தவர் சிவம். கரடியனாற்றுப் பக்கம் வயல் செய்கிறவர். இயக்கத்தில் இருந்தவர், அவருக்கும் இடது கால்தான். தண்ணீர்க் குழாயை அறுத்துத் தானே செய்த ஒரு காலோடு வந்திருந்தார். "சேத்துக்க இறங்கினா இது அங்கயே நிண்டுரும் அக்கா, நான் மட்டும் வருவன்" என்றார். அவருக்குத் தேவை சேற்றுக்கால்.

இந்த இரண்டு பேரும் ஒரே வருஷத்தில் ஒரே பாலத்துக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் துப்பாக்கியோடு நின்றவர்கள் என்று எப்படியோ பேச்சில் வெளிவந்துவிட்டது. மாவுப் பாத்திரத்தைக் கொண்டுபோய் இருவருக்கும் நடுவில் வைத்தேன்.

"என்ட கால் போனது உங்கட கண்ணியால" என்றார் பெனடிக்ட்.

"என்டது உங்கட ஷெல்லால. அப்ப சரிக்குச் சரி அண்ணன்" என்றார் சிவம்.

இரண்டு பேரும் அப்படி ஒரு சிரிப்பு சிரித்தார்கள், வெளியே வலை வீசிக்கொண்டிருந்தவர் திரும்பிப் பார்த்தார். அன்றிலிருந்து ஒட்டிக்கொண்டார்கள். ஒருவர் வரும்வரை மற்றவர் தேநீர் குடிக்க மாட்டார்.

மூன்றாவதாக ஒருவரைச் சொல்ல வேண்டும். என்னைத் தினமும் ஏற்றி இறக்கிய ஆட்டோக்காரர் நஸீர், ஓட்டமாவடிக்காரர். அவர் போர்க்காலத்தில் ராணுவத்துக்குத் துணையான ஊர்காவல் படையில் இருந்தவர். "எனக்கு ரெண்டு காலும் மிச்சம் அக்கா. அதால நான் ஒருத்தர்ர கணக்கிலயும் வாறல்ல" என்று சிரிப்பார். ஒருநாள் தன் ஊருக்குக் கூட்டிப்போய்க் கொத்து ரொட்டி வாங்கித் தந்தார். எங்கள் மதுரைக் கொத்துப் பரோட்டாவைவிட நன்றாக இருக்கிறதா என்று கேட்டார். பதில் சொல்லாமல் சாப்பிட்டேன். ஊர்த் துரோகம் செய்ய முடியாதே.

வெள்ளிக்கிழமை இரண்டு கால்களும் முடிந்தன. பெனடிக்ட்டின் கால் சப்பாத்து, அதாவது ஷூ, போட்டு ஆடுவதற்கு. எடை குறைவு, குதி உயரத்துக்குத் தக்கபடி கணுக்காலைச் சாய்த்து வைத்தது. சிவத்தின் கால் வெறுங்காலோடு சேற்றில் இறங்குவதற்கு. விரல்கள் விரிந்த, அடி தடித்த பாதம், தண்ணீர் புகாமல் மூடியது. ஒன்று மாப்பிள்ளைச் செருப்பு, மற்றது வயல் செருப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். இருவரும் நடந்து காட்டினார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. மெஷின்களைக் கட்டி லாரியில் ஏற்றிவிட்டு, கல்லடிப் பாலத்தில் காற்று வாங்கப் போனேன். அங்கே நிற்கும்போது போன் வந்தது. பெனடிக்ட்டின் மனைவி டொரீன்.

"மிஸ், சப்பாத்து இவர்ர கால்ல ஏறுதில்ல."

"எந்தக் கடையில வாங்கினது? மாத்தச் சொல்லுங்க."

"சப்பாத்து சரியாத்தான் இரிக்கு மிஸ். கால்தான் வேறயாரிக்கு."

ஓடினேன். வீடு முழுக்க லவ் கேக் வாசனை. மேசை நிறையப் பற்றிஸ், கட்லட், ஆணியில் தொங்கும் கோட்டு. நடுவில் பெனடிக்ட், பள்ளிக்கூடத்தில் அடிவாங்கப் போகிறவர்போல முழங்காலில் கை வைத்து உட்கார்ந்திருந்தார். காலைப் பார்த்தேன். விரல் விரிந்த சேற்றுப் பாதம். சிவத்தின் கால்!

"மாத்தினனாங்க மிஸ்" என்றார் மெல்ல. "பெஞ்சில இருக்கக்க அவன்ட காலைப் போட்டுப் பாத்தன், மெத்தெண்டு இருந்திச்சி. அவனுக்கு என்டது பிடிச்சிது. சரி எண்டு மாத்திட்டம்."

"அய்யா, இது என்ன சட்டையா? அளவெடுத்து, அச்சு எடுத்து, ராவும் பகலும் இழைச்சுச் செஞ்சிருக்கேன். உங்களுக்குன்னு செஞ்சது!"

"அதுதான் மிஸ் எங்களுக்குப் பழக்கமில்ல. ஆமியில அளவா எடுக்கிற? தாறதப் போடுறது. பொருந்தாட்டி பக்கத்துக் கட்டில்காரனோட மாத்துறது. சப்பாத்து, சட்டை, தொப்பி எல்லாம் அப்பிடித்தான். சிவமும் சொன்னான், இயக்கத்திலயும் அதுதானாம்."

வந்த கோபம் இறங்கிவிட்டது. இரண்டு பக்கமும் சேர்ந்து இந்த மனிதர்களிடமிருந்து எவ்வளவோ வாங்கியிருக்கிறது. ஒருவராவது உன் அளவு என்ன என்று கேட்டதில்லை. வேதனையாகத்தான் இருந்தது. அப்புறம் அவர் காலுறையைக் கழற்றினேன், முழங்காலுக்குக் கீழே மிச்சமிருந்த குறைக்கால் சிவந்து கொப்புளமாக வந்திருந்தது. வேதனை போய்க் கோபம் திரும்பிவிட்டது. மருந்து போட்டுக்கொண்டே நன்றாகத் திட்டினேன். மெலனி சன்னலோரம் நின்று எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "பரவால்ல டடா, இருந்து கை தட்டுங்க" என்றாள். அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

சிவத்தின் போன் அடித்து அடித்து ஓய்ந்தது. மெஷின்கள் லாரியோடு போய்விட்டன. இன்னொரு கால் செய்ய வழியே இல்லை. விடிந்ததும் கரடியனாற்றுக்குப் போவது என்று முடிவு.

சனிக்கிழமை காலை நஸீரின் ஆட்டோவில் நானும் பெனடிக்ட்டும். பெண்ணின் தகப்பன் கல்யாணத்தன்று ஊர் தாண்டுவதா என்று டொரீன் வாசலில் நின்று சண்டை போட்டார். இவர் ஊன்றுகோலோடு ஏறி உட்கார்ந்துவிட்டார். செங்கலடிச் சந்தியில் திரும்பி, அவரும் சிவமும் எதிரெதிரே நின்ற கறுத்தப்பாலம் வந்ததும் வெளியே எட்டிப் பார்த்தார். பாலம் தாண்டியதும் சொன்னார்: "இஞ்சால வந்ததே இல்ல மிஸ். அங்கால நிண்டு பாத்ததுதான். பாத்துப் பாத்து இந்த மரமெல்லாம் மனப்பாடம். கிட்டப் பாத்தா நல்ல ஊர்தான் போல."

"ஓம் அண்ணன், இப்பதான் கண்டுபுடிச்சிங்களாக்கும்" என்றார் நஸீர்.

அறுவடைக் காலம். பாதி ரோட்டில் நெல்லைக் காயப்போட்டிருந்தார்கள். நஸீர் ஓரமாக, நெல்லில் படாமல், சர்க்கஸ்காரர்போல ஓட்டினார். அப்படியும் ஒரு சக்கரம் ஏறிவிட்டது. நெல் கிளறிக்கொண்டிருந்த பெண் கையில் பலகையோடு வந்துவிட்டாள். "கண்ண என்ன பின்னாலயா வெச்சிரிக்கிங்க?" அவளுக்கு நாங்கள் காலைத் தேடிப் போகும் கதையைச் சொன்னதும், பலகையைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தாள். சிவத்தின் வீட்டுக்கு வழியும் சொன்னாள். கொஞ்ச தூரத்தில் டயர் பஞ்சர். நான் குடை பிடிக்க, பெனடிக்ட் ஒற்றைக் காலில் உட்கார்ந்து ஸ்பேனர் எடுத்துக் கொடுக்க, நஸீர் மாற்றினார். நான் மணியைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். இவர்கள் இருவரும் என்னவோ சுற்றுலா வந்தவர்கள் மாதிரி அந்தக் காலத்துச் சோற்றைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். காவல் நேரத்துச் சோறு யாருக்கு மோசம் என்பதில் போட்டி.

சிவத்தின் மனைவி வாசலில் எங்களைக் கண்டதும் தலையில் கை வைத்தார்.

"அவர் முதல் பஸ்ல டவுனுக்குப் போயிட்டாரே! காலைக் குடுக்கத்தான் போனவர். நேத்து பஸ்ஸால இறங்கக்கயே மல்லாக்க விழுந்திட்டார். இது அண்ணன்ட கால், நாளைக்கு அவர் ஆடணும், சேறு படக் கூடா எண்டு சாக்கில சுத்தி வெச்சிட்டு இருந்தவர். இண்டைக்கு எங்கட வட்டைக்கு வெட்டு மெசின் வாற நாள். அதையும் என்ட தலையில போட்டுட்டுப் போயிட்டார்."

வட்டை என்றால் வயல்வெளி. ஒரு போகத்துக்கு ஒருமுறை வருகிற அறுப்பு மெஷினை விட்டுவிட்டு மனிதர் போயிருக்கிறார். போன் எங்கே என்று கேட்டேன். சுவரைக் காட்டினார். சார்ஜில் தொங்கிக்கொண்டிருந்தது.

"வீடு தெரியுமா அவருக்கு?"

"தெரியாது. விசாரிச்சுப் போவன் எண்டார்."

அப்படியும் அந்த அம்மா எங்களை வெறும் வயிற்றோடு விடவில்லை. எருமைத் தயிர், மேலே சர்க்கரை. கல்யாண வீட்டுக்கு என்று ஒரு சட்டித் தயிர் என் மடியில் ஏறியது. மதுரையில் ஜில் ஜில் என்று எத்தனையோ குடித்திருக்கிறேன், இந்தத் தயிர் வேறு ஜாதி. பதற்றத்திலும் வழித்து வழித்துச் சாப்பிட்டேன்.

திரும்பும் வழியில் பெனடிக்ட்டின் போன் அடித்தது. டொரீன் போட்ட சத்தம் எனக்கே கேட்டது. "ஆமி கேம்ப்புல இருந்து கதைச்சாங்க! உங்கட காலோட ஒரு ஆள் கேட்டடியில இரிக்கிறாராம்!"

பெனடிக்ட்டின் முகம் வெளுத்துவிட்டது. நஸீர் கைப்பிடியை முறுக்கினார். தயிர்ச் சட்டியை நான் மார்போடு அணைத்துக்கொண்டேன். சிவத்துக்கு ராணுவத்தைப் பற்றி நன்றாகத் தெரியும். பிடிபட்டு, புனர்வாழ்வு முகாமில் இருந்து வெளியே வந்த நாளிலிருந்து, எந்தக் கேம்ப் வாசலையும் எதிர்ச் சாரியில்தான் கடப்பேன் என்று பெஞ்சில் சொல்லியிருக்கிறார். அந்த மனிதர் சாக்கில் சுற்றிய நீளப் பொருளோடு தானாகப் போய்க் காவலாளி முன் நின்றிருக்கிறார். "வேற எங்க விசாரிக்கிற அக்கா?" என்று பிறகு என்னிடம் கேட்டார். "அண்ணன் ஆமி எண்டு மட்டும்தானே தெரியும்."

கேம்ப் வாசலில் ஆட்டோ நிற்பதற்குள் பெனடிக்ட் ஊன்றுகோலை ஊன்றி இறங்கிவிட்டார். காவல் கூண்டின் நிழலில் ஒரு கதிரை. அதில் சிவம், கையில் பிளேன்டி, பால் விடாத தேநீர். மடியில் சாக்கு, சாக்கிலிருந்து என் பாதம் எட்டிப் பார்த்தது. பக்கத்தில் துப்பாக்கியோடு இரண்டு இளைஞர்கள். போர் முடிந்தபோது பால் குடித்துக்கொண்டிருந்திருப்பார்கள். அவர்களில் ஒருவன் பெனடிக்ட்டிடம் சிங்களத்தில் முறையிட்டான். பெனடிக்ட் சிரித்துக்கொண்டே அதை எனக்கு அப்படியே தமிழில் சொன்னார்: "சார், நாங்கள் கொண்டுவந்து கொடுக்கிறோம் என்றோம். இந்த மாமா தர மாட்டேன் என்கிறார். உங்கள் கையில்தான் தருவாராம்."

"சாக்கைக் கீழ வை எண்டு கத்தினாங்க" என்றார் சிவம். "வெச்சிட்டு ரெண்டு கையையும் தூக்கிட்டன். பழக்கம். பிரிச்சுப் பாத்தா கால். அவனுகள் சிரிச்சிட்டானுகள். எனக்கும் கால் இல்லாததக் கண்டு, நீங்க எந்தப் படைப்பிரிவு எண்டு மரியாதையாக் கேட்டானுகள்."

"நீ என்ன சொன்ன?"

"மற்றப் பக்கம் எண்டன்."

"மறுகா?"

"அந்த உயரமானவன் கொஞ்ச நேரம் பாத்தான். போய்க் கதிரை எடுத்துட்டு வந்தான்."

பெனடிக்ட் அந்த உயரமான பையனின் தோளைத் தட்டினார். இரண்டு காவலாளிகளுக்கும் தயிர் கொடுக்கச் சொன்னார். கல்யாணச் சட்டி அங்கேயே பாதி காலி.

மாதா கோயில் மணி அடிக்கும் நேரத்துக்கு அவர் வீட்டில் கால் மாட்டிக்கொண்டிருந்தேன். கொப்புளத்துக்கு மேலே பஞ்சு, மெல்லிய உறை, வார் இறுக்கம் ஒரு துளை குறைவு. சப்பாத்து வழுக்கிக்கொண்டு ஏறியது. "அதிகம் ஆடாதீங்க, ஒரே ஒரு செட்டுதான்" என்றேன். "ஓம் மிஸ்" என்றார். அந்த ஓமை நான் நம்பவில்லை. சிவத்துக்கு அவருடைய சேற்றுக்காலைப் பூட்டி, பெனடிக்ட்டின் பழைய சட்டை ஒன்றைப் போட்டு, அவரையும் நஸீரையும் இழுத்துக்கொண்டு முதலில் கோயிலுக்கும், கல்யாணம் முடிந்ததும் விருந்து மண்டபத்துக்கும் போனோம். நஸீர் எனக்கு முன்னால் உட்கார்ந்து, எது மாட்டு இறைச்சி, எது மீன் என்று விளக்கம் சொல்லிச் சொல்லி, எல்லாவற்றையும் தன் தட்டிலேயே வைத்துக்கொண்டார்.

ஆட்டத்துக்கு முன்னால் அந்த வீட்டு வழக்கம் ஒன்று. வீட்டுக்காரர் கிளாஸைத் தூக்கி, இந்தச் சந்தோஷத்தைப் பார்க்க இல்லாமல் போனவர்களின் பெயர்களைச் சொல்ல வேண்டும். சொன்ன பிறகுதான் வயலின். பெனடிக்ட் தாய் தகப்பன் பெயரைச் சொன்னார். பிறகு சுனில், ரஞ்சித், ஹமீது என்று கூட நின்று செத்துப்போன மூன்று சிநேகிதர்களின் பெயர். முன் வரிசையில் இருந்த அவருடைய பழைய அதிகாரி தலையசைத்தார். எல்லாரும் கிளாஸை வாய்க்குக் கொண்டுபோகும்போது, "நில்லுங்க" என்றார் பெனடிக்ட். "சிவம், உங்கட ஆக்கள்ர பேரையும் சொல்லுங்க."

எல்லாத் தலையும் சிவம் பக்கம் திரும்பியது. சிவம் எழுந்தார். அதிகாரியைப் பார்த்தார். வாசலைப் பார்த்தார். ஏன் இந்த மனிதர் இவரை இப்படி மாட்டிவிட்டார் என்று பெனடிக்ட் மேல் ஆத்திரம்கூட வந்தது.

"வாணி" என்றார் சிவம். "என்ட தங்கச்சி." அப்புறம், "இந்தப் பேரை வீட்டுக்க மட்டும்தான் சொல்லுறது, வெளியில சொல்லப் பயம்" என்றார்.

அதிகாரி பக்கத்தில் இருந்தவரிடம் என்னவென்று கேட்டார். அவர் காதில் சொன்னார். அதிகாரி கதிரையைப் பின்னால் தள்ளினார். போகப்போகிறார் என்று நினைத்தேன். எழுந்து நின்று, தட்டுத்தடுமாறிய தமிழில், "வாணி" என்று கிளாஸைத் தூக்கினார். மொத்த மண்டபமும் எழுந்து அந்தப் பெயரைச் சொன்னது. நானும் சொன்னேன். பார்த்தறியாத ஒரு பெண்ணுக்காக நான் அழுதது அதுதான் முதல் தடவை. சிவம் அழவில்லை. மறுபடியும் ஒருமுறை, இந்தத் தடவை சத்தமாக, "வாணி" என்றார்.

வயலின் எழுந்தது. நாலாவது சோடிக்கு ஆள் பற்றவில்லை. டொரீன் வந்து சிவத்தின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்விட்டார். "எனக்குத் தெரியாது அன்ரி!" என்று அவர் கதறியது யார் காதிலும் விழவில்லை. மேலே பெனடிக்ட்டின் சட்டை, கீழே விரல் விரிந்த சேற்றுப் பாதம். எல்லாரும் வலது பக்கம் சுற்ற, இவர் இடது பக்கம் சுற்றினார். பார்த்தவர்கள் எல்லாரும் வழி சொன்னார்கள், ஒவ்வொருவரும் ஒவ்வொரு வழி. நஸீர் மேசையைத் தட்டித் தாளம் போட்டார். சிரித்துச் சிரித்து எனக்கு விலா வலித்தது.

பெனடிக்ட்டின் காலை நான் கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தேன். குதி பதிகிறது, எழும்புகிறது, திரும்புகிறது. மெலனி அவர் கையை விட்டு, அடுத்தவர் கைக்கு, அதற்கடுத்தவர் கைக்கு மாறி மாறி, சிவத்திடம் மாட்டித் தப்பி, முழுச் சதுரமும் சுற்றி மறுபடி தகப்பன் கைக்கே வந்து சேர்ந்தாள். மூச்சு வாங்க, என் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு, குனிந்து கேட்டாள்.

"டடா, கால் நோகுதா?"

"எந்தக் கால் மகள்?" என்றார் பெனடிக்ட்.